பிப்ரவரி ஒன்றாம் தேதிக்காரர்கள்

"எண்ணிச் செய்கிறவன் செட்டி, எண்ணாமல் செய்கிறவன்..." எங்கள் பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, இதைச் சொல்லாத நாள் கிடையாது, தம்பி. பின்பாதியில் ஒரே ஒரு வார்த்தை வரும். அது மட்டும் எனக்கு நிற்பதே இல்லை. செட்டிக்கு எதுகையாக ஏதோ ஒன்று. கெட்டியோ, முட்டியோ. போகட்டும், வழியில் ஞாபகம் வந்தால் சொல்கிறேன்.

ஒரு நிமிஷம். அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்.

மன்னிக்கவேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் மடியில் இருக்கும் கம்ப்யூட்டரை எட்டிப் பார்ப்பது நாகரிகம் இல்லைதான். திருச்சியில் பஸ் கிளம்பியதிலிருந்து கண்ணை வெளியேதான் வைத்திருந்தேன். ஆனால் 'சில வரிகள் பொருந்தவில்லை, அவற்றை விட்டுவிட்டு மீதியை ஏற்றலாமா' என்று அது கேட்கிறது பாருங்கள், அந்தக் கேள்வி எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. ரொம்பப் பணிவாகத்தான் கேட்கும். 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்' என்று வாசலில் வந்து நிற்கும் சம்பந்தி மாதிரி.

நானும் இதே தொழில்தான். டொராண்டோவில், ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில். ஒரு அட்டவணையில் இருக்கிற ஜனங்களை இன்னொரு அட்டவணைக்குக் குடிபெயர்க்கிற வேலை. லட்சக்கணக்கான பேரைக் குடிபெயர்த்திருக்கிறேன். ஒருவர்கூடத் தொலைந்தது கிடையாது. தொலைந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டோம். ஐம்பதைத் தொடுகிற வயதில் ஊருக்குத் திரும்பி வருகிறவனை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள்: ஒன்று, நிறையச் சம்பாதித்துவிட்டான், இல்லையென்றால், வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள். எங்கள் அண்ணன் மூன்றாவது விதமாகப் பார்த்தார்.

"சாத்தப்பா, நீ சும்மாத்தானே இருக்கே?"

அண்ணன் பெயர் வயிரவன். அந்த வருஷம் எங்கள் கோயிலுக்குக் காரியக்காரர் அவர்தான். கோயிலின் வரவு செலவு, திருவிழா, சண்டை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கோயில் புள்ளிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடு என்றார்.

புள்ளி என்றால் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் நகரத்தார் வழக்கம். நாங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தவர்கள். ஓர் ஆணுக்குக் கல்யாணம் ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அந்தக் கோயிலில் ஒரு புள்ளி. அப்படித்தான் ஆள் கணக்கு. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் அவரவர் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். அந்த மாலைதான் எங்களுக்குப் பதிவு, கையெழுத்து, முத்திரை எல்லாம். மாலை வராவிட்டாலும் சாப்பாடு நடக்கும். ஆனால் கல்யாணம் நடந்ததா என்று பேரன் காலம் வரைக்கும் பேசுவார்கள்.

இவ்வளவுதான் எனக்கும் அப்போது தெரியும். இவ்வளவு தெரிந்ததே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தேன், பிறகு இங்கிலீஷில். அதனால் என்னால் இரண்டு பாஷையிலும் யோசிக்க முடியும். யோசித்து முடிப்பது இரண்டிலும் நடப்பதில்லை.

கோயில் கணக்கப்பிள்ளை ராசகோபால் பிள்ளை பழைய பேரேடுகளைப் பார்த்து, கோடை முழுக்க உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக இருக்கிற ஒரு தாளில் அடித்து வைத்திருந்தார். பெயர், விலாசம், தெரு, ஊர், போன், புள்ளி.

"செட்டியாரே, ஒரு எழுத்து விடலை. பேரேட்டுல எறும்பு செத்துக் கிடந்திருந்தா அதையும் அடிச்சிருப்பேன்" என்றார்.

அதை நான் கமா போட்ட கோப்பாக மாற்றி வாங்கினேன். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, கட்டத்துக்குக் கட்டம் நடுவில் ஒரு கமா, அவ்வளவுதான். வந்து சேர்ந்ததைப் பார்த்தால், ஒரு செட்டியாருக்கு போன் நம்பர் 'தெற்கு வாசல்' என்று இருக்கிறது. இன்னொருவருக்குச் சொந்த ஊர் ஆறு இலக்கம். தெருவை எழுதும்போது பிள்ளை 'மேலத்தெரு, பெரிய வளவு, தெற்கு வாசல்' என்று இடையிடையே கமா போட்டு விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கமாவுக்கும் ஒரு கட்டம் நழுவி, எல்லாரும் அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் பிள்ளைக்குக் கமாவைப் பற்றி வகுப்பு எடுத்தேன். பாவம், கேட்டுக்கொண்டார்.

அட்டவணையை நான் எப்படி அமைத்தேன் தெரியுமா? டொராண்டோவில் அமைத்த மாதிரி. முதல் பெயர், கடைசிப் பெயர். அண்ணன் பார்த்துவிட்டு, "கடைசிப் பேரா? நமக்கு ஒரே பேருதானேடா. அதுவும் ஐயா பேரு" என்றார். ஐயா என்றால் எங்களுக்குத் தாத்தா. சரி என்று அதை எடுத்தேன். புள்ளிக் கட்டத்துக்கு முழு எண் மட்டும்தான் வரலாம் என்று வைத்தேன். மனிதர்களை எண்ணுவதற்கு வேறு எந்த எண் வேண்டும்? ஒன்று, இரண்டு, மூன்று.

அமைத்து முடித்ததும் ஒரு வரியைக் கையால் அடித்துப் பார்ப்போம் இல்லையா, ஏற்றுக்கொள்கிறதா என்று? வேறு பெயர் தோன்றவில்லை. என் பெயரையே அடித்தேன். சித.மெ. சாத்தப்பன், புள்ளி ஒன்று. ஏற்றுக்கொண்டது. அப்புறம் அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பிறகு பிள்ளையின் கோப்பை ஏற்றினேன். பெரும்பாலும் ஏறிவிட்டது. கொஞ்சம் வரிகள் மட்டும் பொருந்தவில்லை என்றது. திறந்து அந்த ஒரு கட்டத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தால், அந்த வரிகள் எல்லாவற்றிலும் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் 'பிப்ரவரி ஒன்று' என்று இருக்கிறது. ஒருவருக்கு இல்லை, இருவருக்கு இல்லை, பொருந்தாத அத்தனை பேருக்கும் பிப்ரவரி ஒன்று.

இங்கேதான் தம்பி, என் அறிவு வேலை செய்தது. சும்மா இருந்திருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று. தகப்பனுக்குத் தேதி தெரியாவிட்டால் ஹெட்மாஸ்டர் போட்டுவிடுவார். அந்த மாதிரி எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் எந்த ஹெட்மாஸ்டரோ பிப்ரவரி ஒன்று என்று போட்டிருக்கிறார். பிள்ளை அந்தப் பிறந்த தேதியைப் பேரேட்டிலிருந்து எடுத்து அடித்திருக்கிறார். கமா நழுவிப் பக்கத்துக் கட்டத்தில் விழுந்திருக்கிறது. எவ்வளவு அழகான விளக்கம் பாருங்கள்! ஊர் வழக்கமும் தெரிந்தவன், கமாவின் குணமும் தெரிந்தவன், என்னைத் தவிர வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

அண்ணன் வேறு திறப்பு விழாவுக்கு முகூர்த்தம் குறித்துவிட்டார். கம்ப்யூட்டர் கேட்டது: 'விட்டுவிட்டு மீதியை ஏற்றலாமா?' ஏற்று என்றேன்.

திறப்பு விழா நடந்தது. லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம். அன்றைக்குச் சந்தனம் பட்ட பொத்தான் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டுதான் எழும்புகிறது. ஒரு பெரியவர் "நம்ம பேரெல்லாம் இருக்கா?" என்று கேட்டார். என் பெயரைத் தட்டிக் காட்டினேன். முதல் வரியிலேயே வந்து நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இனிமேல் இதுதான் கணக்கு, மாலைக்கு எழுதும்போது இதிலிருந்து அச்செடுத்த தாளையும் சேர்த்து வைக்கவேண்டும், தாள் இல்லையென்றால் மாலை இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை. காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன். முற்றத்தைத் தாண்டி ஒரு குரல் வருகிறது.

"கனடாக்காரன் இருக்கானா, இல்லை அவனும் காணாமப் போயிட்டானா?"

சிகப்பி ஆச்சி. எங்கள் கோயில் பங்காளி வீடு. அவர் வீட்டுச் செட்டியார் தவறிச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகள், தேனம்மை. அந்தப் பெண்ணுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம் என்று எங்களுக்கும் பத்திரிகை வந்திருந்தது.

"உட்காருங்க ஆச்சி. என்ன விஷயம்?"

"விஷயமா? மாலை கேட்டு எழுதிக் குடுத்தேன். உங்க கணக்கப்பிள்ளை பெட்டியைத் தட்டித் தட்டிப் பாத்துப்புட்டு, 'ஆச்சி, உங்க பேரு இல்லையே'ங்கிறாரு. இல்லைன்னா எங்க போச்சு? நான் என்ன நேத்து கப்பல்ல வந்து எறங்குனவளா?"

"கப்பல்ல வந்து எறங்குனவன் நான்தான் ஆச்சி" என்றேன். வேடிக்கையாக. அவர் சிரிக்கவில்லை.

"தேவகோட்டைக்குச் சேதி போயிருச்சுப்பா. மாப்பிள்ளை வீட்டுல எவளோ ஒருத்தி பேசுறாளாம்: 'அந்தப் பொண்ணோட ஆத்தா அப்பச்சி கல்யாணமே கோயில்ல பதியலை போல, அதான் பேரு இல்லை'ன்னு. எங்க வீட்டுச் செட்டியாரு இருந்தப்ப ஒருத்தன் இப்படிக் கேட்டிருப்பானா? மாப்பிள்ளையோட அப்பச்சி என்ன சொல்லிவிட்டாக தெரியுமா? 'மாலை வரட்டும், மேக்கொண்டு பாத்துக்கலாம்.' மேக்கொண்டு பாத்துக்கலாம்னா என்னப்பா அர்த்தம்? நீ ரெண்டு பாஷை படிச்சவன், சொல்லு."

இரண்டு பாஷையிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். "தரவுல ஏதோ கோளாறு இருந்திருக்கும் ஆச்சி" என்றேன்.

"அது யாரு தரவு?"

கிளம்பிக் கோயில் அலுவலகத்துக்குப் போனோம். அண்ணனும் வந்துவிட்டார். பிள்ளை எழுந்து நின்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்: தப்பு கண்டிப்பாகப் பிள்ளையுடையது, கமா வகுப்பை இன்னொரு முறை எடுக்கலாம். பழைய கோப்பைத் திறந்தேன். சிகப்பி ஆச்சி அதில் இருந்தார். தெரு, ஊர், போன், எல்லாம் சரி. புள்ளிக் கட்டத்தில் பிப்ரவரி ஒன்று.

"ஆச்சி, பள்ளிக்கூடத்துல உங்க பிறந்த தேதி பிப்ரவரி ஒண்ணா?"

"நான் ஆவணி மூலம். பள்ளிக்கூடத்துல சூன் ஒண்ணுன்னு போட்டாக. பிப்ரவரி எங்கிட்டிருந்து வருது?"

"பிறந்த தேதி இல்லை செட்டியாரே" என்றார் பிள்ளை, மெதுவாக. "அது அரை."

"எது அரை?"

அவர் வந்து உட்கார்ந்து, காலியாக இருந்த ஒரு கட்டத்தில் ஒன்று, சாய்கோடு, இரண்டு என்று அடித்தார். பேரேட்டில் அரை என்று எழுதுவது மாதிரி. கட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அது ஒரு துள்ளுத் துள்ளி 'பிப்ரவரி ஒன்று' ஆனது. ஒன்றாம் தேதி, இரண்டாம் மாதம். அந்தச் சனியன் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்கிறது.

"இது மாறுதுன்னு தெரிஞ்சும் ஏன்யா விட்டீர்?" என்றேன்.

"கம்ப்யூட்டர் பாஷையில அரைக்கு அப்படித்தான் போடும்போலன்னு நினைச்சேன். நீங்களும் பாத்தீகளே, ஒண்ணும் சொல்லலையே. சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

ஆக, கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்று அவர் விட்டார். பிள்ளைக்குத் தெரியாது என்று நான் விட்டேன்.

"சரி, புள்ளியில அரை எப்படி வரும்?" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன்தான் சொன்னார். "ரெண்டு பேரும் இருந்தா ஒரு புள்ளி. ஒருத்தர் போயிட்டா இருக்கறவுக அரைப் புள்ளி. ஆம்பளைன்னாலும் பொம்பளைன்னாலும்." அப்புறம், "உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது தம்பி. சத்தியமாகத் தெரியாது. நான் ஊரைவிட்டுப் போகும்போது எங்கள் வீட்டில் எல்லாரும் முழுசாக இருந்தார்கள்.

தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் அல்லவா? நான் பிரசங்கம் செய்தேன். மனிதரைப் பாதியாக எண்ணுவது என்ன நியாயம், இந்தக் காலத்தில் இப்படியா, ஓர் ஆள் என்றால் ஓர் ஆள். டொராண்டோ ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு தடவை இதற்கு வகுப்பு வைப்பார்கள். அதில் கேட்டது எல்லாம் தமிழாக வந்தது. கடைசியில் தீர்வையும் சொன்னேன்: "அரை இருக்கிற எல்லா இடத்துலயும் ஒண்ணுன்னு மாத்திடறேன். ஒரு நிமிஷ வேலை. ஆச்சியும் முழுப் புள்ளி. இப்பவே தாள் அச்செடுத்துடலாம்."

எனக்கு அது ரொம்பப் பெருந்தன்மையாகப் பட்டது. ஆச்சி நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"முழுசாப் போடுவியா?" என்றார் ஆச்சி. "போட்டா அவுக இருக்காகன்னுல அர்த்தம்? இருக்காகளா? எங்க இருக்காகன்னு சொல்லு, நான் போயிக் கூட்டிக்கிட்டு வர்றேன். மகளுக்குத் தாரை வாக்க ஆளில்லாம நான் கொழுந்தன் வீட்டு வாசல்ல நின்னுட்டு வந்திருக்கேன். பொய்க் கணக்கு எழுதி மாலை வாங்கியா எம்மக கழுத்துல போடணும்? அப்ப அந்தத் தேவகோட்டைக்காரி சொன்னதே உண்மைன்னு ஆயிரும். உனக்கு எண்ணத் தெரியலைன்னா எண்ணாத. எண்ணாமச் செய்யிறவன் மட்டின்னு சும்மாவா சொன்னாக!"

மட்டி! அதுதான் தம்பி, அந்த வார்த்தை. எத்தனை வருஷமாகத் தேடுகிறேன். 'எண்ணிச் செய்கிறவன் செட்டி, எண்ணாமல் செய்கிறவன் மட்டி.' முட்டாள் என்று அர்த்தம். எனக்கு நிற்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

சரி, அப்படியானால் கட்டத்தைத்தான் மாற்றவேண்டும், அரையையும் ஏற்கிற மாதிரி. அதற்கு முன்னால் எத்தனை பேரைத் தள்ளியிருக்கிறோம் என்று பார்ப்போமே என்று, விட்டுப்போன வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அழகம்மை ஆச்சி, பிப்ரவரி ஒன்று. வடக்குத் தெரு நாராயணன் செட்டியார், பிப்ரவரி ஒன்று. எல்லாரும் தனியாக இருப்பவர்கள். ஊரில் தனியாக இருக்கிற அத்தனை பேரையும் ஒரே பொத்தானில் தள்ளியிருக்கிறேன். வேண்டுமென்று உட்கார்ந்து செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

"போதும்டா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

"இருங்கண்ணே, இன்னும் கொஞ்சந்தான்."

"போதும்ங்கிறேன்ல."

அடுத்த வரி: சித.மெ. சாத்தப்பன், டொராண்டோ. பிப்ரவரி ஒன்று.

நான் சிரித்தேன். "பாத்தீங்களா, என்னையும் சேத்து அடிச்சிருக்கீர் பிள்ளை. நான்தான் ஏற்கெனவே மேல இருக்கேனே, முதல் வரியில!"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார் அண்ணன். "உண்ணாமலை போன சேதி வந்துச்சுல்ல. நீ அங்க காரியமெல்லாம் முடிச்சிட்டேன்னு சொன்னதுக்கு மறுநாள் இங்க வந்து சொன்னேன். கோயிலுக்குச் சொல்லணும்லடா."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்ல? போன்ல கூப்பிட்டு, 'தம்பி, நீ இன்னையிலேருந்து அரை'ங்கிறதா?"

ஊரோடு வந்துவிட்டோம் என்றா சொன்னேன் முதலில், உங்களிடம்? வந்தேன். நான் மட்டும்தான் வந்தேன். உண்ணாமலை, என் வீட்டு ஆச்சி, அங்கேயே, வருகிறதுக்கு முந்தின பனிக்காலத்தில். இரண்டு பேரும் திரும்பி வருவதற்கு என்று வாங்கி வைத்திருந்த பெட்டிகளில் என் சட்டைகளையே பிரித்துப் பிரித்து வைத்துக் கொண்டுவந்தேன். வாய் இன்னும் 'நாங்கள்' என்றுதான் போகிறது. பழக்கம். இங்கே யாரும் திருத்தவும் இல்லை. இரக்கப்பட்டு விடுகிறார்கள் என்று இப்போதுதான் தோன்றுகிறது. என் பேச்சு அவ்வளவு சாமர்த்தியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் அந்த ஜன்னலைத் தள்ளுங்கள், காற்று வரட்டும்.

ஆச்சிதான் முதலில் பேசினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தன் மகள் கவலை. "தாளு வரட்டும். ஆனா அது மட்டும் பத்தாது. தேவகோட்டைக்கு நீ வரணும். நீ வந்து அவுககிட்டச் சொல்லணும், தப்பு எங்க மேல இல்லைன்னு."

அண்ணனுக்கு அதில் இஷ்டமில்லை. "பேரு கீழ எங்கயோ இருந்துச்சு, கண்ணுல படலைன்னு ஆள் மூலமாச் சொல்லிவிட்டாப் போதும் ஆச்சி. கோயில் மானமும் இருக்குல்ல."

"கோயில் மானத்தை நீங்க பாத்துக்கங்க வயிரவண்ணே. எம்மக மானத்தை யாரு பாக்குறது?"

அன்றைக்குச் சாயங்காலமே போனோம், நானும் ஆச்சியும் லேப்டாப்பும். மாப்பிள்ளையின் அப்பச்சி பெரிகருப்பன் செட்டியார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். நான் விளக்கினேன். அட்டவணை என்றால் என்ன, கோப்பு என்றால் என்ன, முழு எண் என்றால் என்ன. அவர் கண்ணில் ஒன்றும் அசையவில்லை. கடைசியில் லேப்டாப்பைத் திறந்து அவரையே அடிக்கச் சொன்னேன். ஒன்று, சாய்கோடு, இரண்டு. துள்ளியது. பிப்ரவரி ஒன்று.

நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொருக்க அடிங்க." மறுபடி துள்ளியது. "முக்காலுக்கு என்ன வருது?" அடித்தேன். ஏப்ரல் மூன்று. உள்ளே பார்த்து, "ஏ, இங்க வந்து பாருங்க, முக்காலு ஏப்ரல் மாசமாகுது!" என்று கூப்பிட்டார். வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். வம்பு பேசியவளும் அதில் இருந்திருக்கவேண்டும். "காலுக்கு?" அடித்தேன். ஏப்ரல் ஒன்று.

"பொருத்தமாத்தான் இருக்கு" என்று என்னைப் பார்த்தார். வீடே சிரித்தது. "ஆக, ஆச்சி மேல தப்பில்லை. பேரேட்டுல தப்பில்லை. அப்பத் தப்பு யாரு மேல?"

"என் மேல."

"இதுக்கு அங்க சம்பளம் வேற குடுத்தாகளா?"

"நல்ல சம்பளம்" என்றேன்.

"மகராசனா இருங்க" என்று சொல்லிவிட்டு ஆச்சி பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீக. கோயில்ல சரிபண்ணித் தாளு வந்து, மாலை வந்துட்டா, எங்களுக்கு வேற பேச்சில்லை." புறப்படும்போது, மரியாதைக்கு, என்னிடம் சொன்னார்: "கல்யாணத்துக்கு உங்க வீட்டு ஆச்சியையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

"கட்டாயம் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றேன்.

வாய் அது பாட்டுக்குச் சொன்னது, தம்பி. நான் ஒன்றும் செய்யவில்லை.

வண்டியில் திரும்பினோம். ஊர் எல்லை வந்ததும் ஆச்சி, ரோட்டைப் பார்த்தபடியே, "யாரைக் கூட்டிக்கிட்டு வரப் போறே?" என்றார்.

மறுநாள் காலை கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். கட்டத்தை மாற்றினேன், அரையையும் ஏற்கிற மாதிரி. விட்டுப்போன வரிகளை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து, பிப்ரவரி ஒன்று இருந்த இடத்தில் எல்லாம் அரை என்று போட்டேன். இந்தத் தடவை கட்டளையையும் மாற்றினேன்: ஒரு வரி பொருந்தாவிட்டாலும் ஒன்றையும் ஏற்றாதே, நின்றுவிடு. ஒன்று எல்லாரும், இல்லையென்றால் யாரும் இல்லை. பட்டால்தானே புத்தி.

ஆச்சி எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மாலைக்கு எழுதிய கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு. அச்சுத் தாள் வந்தவுடன் இரண்டையும் சேர்த்துக் கோயிலுக்கு எடுத்துப்போக ஆள் சைக்கிளோடு வாசலில். பிள்ளை பக்கத்தில் நின்றார். அண்ணன் தூணோரம், பேப்பர் படிக்கிற மாதிரி.

ஏற்று என்றேன். ஓடியது. ஓடி, நின்றது.

ஒரே ஒரு வரியில் தகராறு. சித.மெ. சாத்தப்பன் என்ற பெயரில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார், புள்ளி ஒன்று. இப்போது வருகிற சித.மெ. சாத்தப்பனுக்குப் புள்ளி அரை. ஒரே ஆள் இரண்டு தடவை இருக்கமுடியாது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது?

"என்னப்பா, நின்னுபோச்சா?" என்றார் ஆச்சி. "யாரு பேருல நிக்குது?"

அண்ணன் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது.

"மேல இருக்கறதை வச்சுக்கிட்டாலும் ஓடுமாடா?" என்றார் அண்ணன்.

"ஓடும்."

"அப்ப உன் இஷ்டம்."

ஆச்சி கடிதத்தை மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வாசலில் சைக்கிள் மணி ஒரு தடவை அடித்தது.

ஒன்றை அழித்தேன். அரையை வைத்துக்கொண்டேன்.